எந்த ரீல் வாங்குவது?

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் வேலை என்று சொல்லும் கட்சி ஒன்று நம் சங்கத்தில் உண்டு. அவர்களோடு வாதாட நான் வரவில்லை. சென்ற ஆண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு ரீல் வாங்கி, அதனால் ஒரு நல்ல விராலையும் என் மானத்தையும் ஒரே காலையில் இழந்தவன் நான். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காவது என் அனுபவம் உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

மாரெட்பள்ளியில் சித்தப்பா வீட்டிலிருந்து படிக்கிறேன். சித்தப்பாவிடம் பழைய பித்தளை ரீல் ஒன்று இருக்கிறது. நடுவே ஓர் அச்சு, அதன்மேல் சுழலும் உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி; அவ்வளவுதான். ‘சென்டர்பின்’ என்று பெயர். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூலும், 1887இல் ஏரித் தூண்டிலுக்கென்றே இன்னொரு நூலும் எழுதினார். அந்தக் காலத்து ரீல்கள் பெரும்பாலும் இந்த எளிய இனந்தான். கரையோரம் தக்கையும் மாவுருண்டையுமாக உட்காருகிறவருக்கு இன்றும் இது போதும். தொலைவில் எறிய வேண்டுமானால்தான் வில்லங்கம்.

கடைக்காரர் விலையைச் சொல்வார், பளபளப்பைக் காட்டுவார். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எறியும்போது உருளை சுழல்கிறதா, சும்மா நிற்கிறதா? எல்லா வித்தியாசமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சுழலும் இனத்தில் உயர்ந்தது ‘பைட்காஸ்டர்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் ரீலுக்குள் பற்சக்கரங்களை வைத்தார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுற்றும். இன்றைய ரீல்களில் ஆறு, ஏழு சுற்றுகூட உண்டு. பெருமீனைப் பாசியிலிருந்து இழுத்தெடுக்க இதைப்போல் வலுவானது வேறில்லை. ஆனால் எறிந்த இரை காற்றில் வேகம் குறையும்போது உருளைக்கு அது தெரியாது. அது தன்பாட்டில் சுழன்று நரம்பைக் கக்கிக்கொண்டேயிருக்கும். கட்டைவிரலால் இதமாக அழுத்தி அடக்க வேண்டும். தவறினால் நரம்பு காக்கைக்கூடாகிவிடும்.

நிற்கும் இனமே ‘ஸ்பின்னிங் ரீல்’. 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த் இங்கிலாந்தில் ஆலைத்தொழில் நடத்திய குடும்பத்தவர். நம் ஊர்களில் தறி பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நாடாவுக்குள் தார்க்குச்சி அசையாமல் கிடக்க, நூல் அதன் முனை வழியே உருவிக்கொண்டு போகிறதல்லவா? அதே வித்தைதான். இரை நின்றால் நரம்பும் நின்றுவிடும். பழகாத கைக்கும் சிக்கு அபூர்வம். குறை ஒன்றுண்டு: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது நாமும் சுற்றிக்கொண்டேயிருந்தால் நரம்பு முறுக்கேறிப் பாழாகும். மீன் ஓடும்போது கையை நிறுத்த வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

இதற்கு மூடிபோட்ட தம்பி ஒன்றும் உண்டு. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த ஓர் அமெரிக்கக் கம்பெனி 1949இல் அதை வெளியிட்டது. அமைத்தவரும் ஒரு கடிகாரக்காரரே! சிறுவர்க்கு நல்லது.

இனி என் கதை. இவையொன்றும் அறியாமல், விலை அதிகமென்றால் பொருளும் உயர்வு என்று நம்பி, பைட்காஸ்டரை வாங்கினேன். உசேன் சாகர் பக்கத்தில்தான் இருக்கிறது. நகரத்துச் சாக்கடை கலந்த அந்நீரின் மீனை யார் உண்பார்? ஆகையால் மேடக் மாவட்டத்தில் ஓர் ஏரிக்குப் போனோம். அங்கே குத்தகை பிடித்திருந்த மீனவர் சங்கத்தாரிடம் சித்தப்பா முதலில் அனுமதி கேட்டார். (கேட்காமல் போடுவது திருட்டு.) அல்லிக்கொடிகளுக்கிடையே விரால் மூச்சுவிட மேலே வந்து வந்து போயிற்று. தெலுங்கர் கொர்ரமீனு என்பார்களே, தெலங்கானாவின் மாநில மீன், அதுதான்.

எதிர்காற்றில் ரப்பர்த் தவளையை முழு பலத்தோடு எறிந்தேன். ரீலில் காக்கைக்கூடு! குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தவளை தண்ணீரில் மிதந்தபடி கிடந்தது.

“டேய், தண்ணியைப் பாருடா!” என்று சித்தப்பா கத்தினார்.

‘டப்’ என்று ஓர் ஓசை. தவளையைக் காணோம். ரீலோ சிக்கிக்கொண்டு ஒரு விரற்கடை நரம்புகூட விடவில்லை. கோல் வளைந்தது, முடிச்சில் நரம்பு அறுந்தது. மீன் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இரண்டு முள்ளை வாயில் வாங்கிக்கொண்டல்லவா அது போயிற்று! சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை அவர் பேசாமலே வந்ததுதான் என்னைச் சுட்டது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீலை வாங்குங்கள். கெண்டைக்கும் ரோகுவுக்கும் அது ஏற்றது. தடித்த நரம்பிட்டால் விராலுக்கும் ஈடுகொடுக்கும். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நரம்பைச் சுற்றுங்கள். மிகவும் குறைந்தால் எறி தூரம் போகாது, வழிய வழியச் சுற்றினால் சுருள்சுருளாய் நழுவும். இழுவைத் திருகை நரம்பின் தாங்குசக்தியில் கால்பங்குக்கு வையுங்கள். ஆறு கிலோ நரம்பானால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை முனையில் கட்டித் தூக்கிப் பாருங்கள். புட்டி மெல்ல மெல்ல இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு. அசையாமல் தொங்கினால் இறுக்கம்.

என் பைட்காஸ்டரை விற்கவில்லை. முள்ளில்லாத ஈயக்கட்டியைக் கட்டி, மாலைதோறும் மொட்டைமாடியில் கட்டைவிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு துண்டு வந்து சேர்ந்தது. சித்தப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, “இன்னும் கொஞ்சம் மெதுவா எறி” என்றார்.