ஒரே சொல், இரண்டு அர்த்தம்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். பொழுது விடிகிற நேரம். கடலுக்குப் போன படகு கரைக்கு வருகிறது. அதில் இருந்து குதித்தவர், பல நாள் பார்க்காத நண்பரைப் பார்த்து விடுகிறார்.

"டேய் பேமானி! எப்படா வந்தே?" என்று கட்டித் தழுவிக் கொள்கிறார்.

அதே தெருவின் கோடியில் இரண்டு சைக்கிள்கள் மோதிக் கொள்கின்றன. "யாரைப் பார்த்துடா பேமானின்னே?" என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள்.

சொல் ஒன்றுதான். ஒரு இடத்தில் அன்பு. இன்னொரு இடத்தில் அடிதடி!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுவதும் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். இவை எங்கிருந்து வந்தன?

கப்பலும் ரெயிலும்

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் படகோட்டிகள்தான் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தார்கள். 1875-ல்தான் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அதற்கு முன்பே, 1856-ல், ராயபுரத்தில் ரெயில் நிலையம் திறந்தாயிற்று. தென்னிந்தியாவின் முதல் ரெயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. பிறகு ஆலைகள் வந்தன. 1950-களில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது.

வேலை தேடிப் பல ஊர்க்காரர்கள் வந்தார்கள். தெலுங்கு பேசுகிறவரும், உருது பேசுகிறவரும், தமிழ் பேசுகிறவரும் சேர்ந்து மூட்டை தூக்கினார்கள். மூட்டை கைமாறியது போலச் சொல்லும் கைமாறியது!

உருதுவில் "ஈமான்" என்றால் நம்பிக்கை, நாணயம். அது இல்லாதவன் "பேமானி." காலை உணவான "நாஷ்டா"வும் உருதுதான். தெலுங்கில் "நாயனா" என்றால் அப்பா. சென்னையில் முன்பின் தெரியாதவரையும் "இன்னா நைனா?" என்று கேட்கலாம்.

கீதையில் கஸ்மாலம்

"கஸ்மாலம்" என்றால் அழுக்குப் பிடித்தவன் என்று திட்டுகிறார்கள். ஆனால், அது சமஸ்கிருதச் சொல். பகவத் கீதையிலேயே இருக்கிறது! போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு வந்த மனக்கலக்கத்தைக் கண்ணன் "கஸ்மலம்" என்கிறார்.

வியாபாரியிடம் "கிராக்கி" என்றால், பொருளுக்குத் தேவை அதிகம் என்று அர்த்தம். ரிக்‌ஷாக்காரரிடம் அதே சொல்லுக்கு, சவாரிக்கு வரும் ஆள் என்று அர்த்தம். வண்டிக்குக் குறுக்கே விழுகிறவர் "சாவுகிராக்கி"! 1973-ல் கை ரிக்‌ஷா ஒழிந்தது. சொல் ஒழியவில்லை.

"மெர்சல்" என்றால் முதலில் மிரட்சி, பயம். இப்போது இளைஞர்கள் வியப்புக்கும் அதையே சொல்கிறார்கள். 2017-ல் அது ஒரு சினிமாவின் பெயராகவும் ஆகிவிட்டது.

ஆங்கிலம் பேசிப் பெருமை அடிப்பவரை, "பீட்டர் விடுகிறான்" என்பார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? புனித பேதுருவைத் தமிழில் "ராயப்பர்" என்றும் சொல்வதுண்டு. பேதுருதான் ஆங்கிலத்தில் பீட்டர். அந்த ராயப்பரின் பெயரில்தான் ராயபுரமே இருக்கிறது!

சிரிப்புக்கு மட்டும்தானா?

சினிமாவில் இந்தப் பேச்சு நீண்ட காலமாகச் சிரிப்புக்குப் பயன்பட்டது. ரவுடி வந்தால் இந்தப் பேச்சு. கோமாளி வந்தாலும் இந்தப் பேச்சு. நீதிபதியோ டாக்டரோ வந்தால் வேறு பேச்சு!

இதனால் ஒரு தீங்கு உண்டாயிற்று. வாயைத் திறந்ததுமே, "இவன் முரடன்" என்று கேட்பவர் முடிவு கட்டி விடுகிறார். வேலை கேட்டுப் போகிற பிள்ளை, தன் தாய் பேசும் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டி இருக்கிறது.

ஆனால், கோபம் வந்தால் எந்த ஊர்க்காரரும் திட்டத்தான் செய்கிறார். அன்பு வந்தால், அதே வசவு எந்த ஊரிலும் செல்லப் பெயர் ஆகிவிடும். வடசென்னையிலும் அப்படித்தான்.

"பேமானி" என்று யாராவது சொன்னால், அகராதியைத் தேட வேண்டாம். சொன்னவர் முகத்தைப் பாருங்கள். அதில் சிரிப்பு இருந்தால், நீங்கள் அவருக்கு நண்பர்!