அறுந்த பட்டு நூல்

1729ஆம் ஆண்டு, ஜூலை மாதம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆட்டர்டன் என்ற ஊரில் ஒரு பெரிய வீடு. அதன் நீண்ட கூடத்தில் இரண்டு பேர் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டீபன் கிரே. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. துணிக்குச் சாயம் ஏற்றும் தொழில் பார்த்தவர். மற்றவர் அந்த வீட்டுக்காரர், கிரான்வில் வீலர். நூல் வழியாக மின்சாரம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம்.

அப்போது மின் விளக்கு கிடையாது, பேட்டரிகூடக் கிடையாது. தேய்த்த பொருள் துரும்பை இழுக்கும், அவ்வளவுதான் மின்சாரம். அம்பரைத் தேய்த்தால் இப்படி இழுக்கும் என்பது பழைய கிரேக்கர்களுக்கே தெரியும். கண்ணாடி, கந்தகம், அரக்கு என்று இன்னும் பல பொருள்களும் இழுக்கும் என 1600இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்தார். ஆனால் அந்தச் சக்தி தேய்த்த பொருளை விட்டு வேறெங்கும் போகாது என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள்.

கிரே ஒரு கண்ணாடிக் குழாயை வைத்திருந்தார். உள்ளே தூசி போகக் கூடாது என்று இரண்டு முனையிலும் தக்கை அடைத்திருந்தார். ஒருநாள் குழாயைத் தேய்த்தபோது, தக்கையும் இறகை இழுத்தது. தக்கையை யாரும் தேய்க்கவில்லையே! குழாயிலிருந்து ஏதோ ஒன்று தக்கைக்குப் போயிருக்க வேண்டும். அவர் விடவில்லை. தக்கையில் ஒரு குச்சியைச் செருகி, குச்சியின் முனையில் தந்தத்தால் ஆன பந்தை மாட்டினார். பந்தும் இறகை இழுத்தது. அடுத்து குச்சிக்குப் பதில் சணல் நூல். உயரத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டார். கீழே தொங்கிய பந்து அப்போதும் இழுத்தது.

இன்னும் நீளமாகப் போக வேண்டுமானால் நூலைப் படுக்கை வாட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். அதை விட்டத்திலிருந்து இன்னொரு சணல் நூலால் தாங்கிப் பிடித்தபோது பந்து இழுக்கவே இல்லை. பட்டு நூலால் தாங்கலாம் என்றார் வீலர். பட்டு மெல்லியது, அதனால் அதன் வழியே அதிகம் கசியாது என்பது யோசனை. அப்படியே செய்தார்கள், பலித்தது. சணல் நூலின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. பிறகு மெல்லிய பித்தளைக் கம்பியை அந்த இடத்தில் கட்டினார்கள். பந்து செத்துப்போனதுபோல் நின்றுவிட்டது!

பட்டும் கம்பியும் இரண்டுமே மெல்லியவைதான். அப்படியென்றால் கனம் காரணமில்லை, பொருள்தான் காரணம். பித்தளை மின்னூட்டத்தை விட்டத்துக்குக் கடத்திவிட்டது, பட்டு கடத்தவில்லை. கடத்தி, காப்பான் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறீர்களே, அந்தப் பாகுபாடு இப்படி ஓர் அறுந்த நூலால் பிறந்தது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

கிரேவுக்குத் தெரியாத ஒன்று இன்று நமக்குத் தெரியும். எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் உள்ள புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம், அதைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் சமமாக இருக்கும் வரை வெளியே எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த தலைமுடியை வாரும்போது, முடியிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் சீப்புக்குத் தாவுகின்றன. சீப்பில் எதிர் மின்னூட்டம் கூடுகிறது, முடியில் அதே அளவு நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. தேய்ப்பதால் மின்னூட்டம் புதிதாக உண்டாவதில்லை. இங்கே இருந்தது அங்கே போகிறது. உலோகத்தில் பல எலக்ட்ரான்கள் எந்த அணுவோடும் ஒட்டாமல் திரிவதால் அது நல்ல கடத்தி. பட்டிலும் பிளாஸ்டிக்கிலும் அவை அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. சணல் நூல் எப்படிக் கடத்தியது என்று கேட்பீர்கள். சணலில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், இந்த வேலைக்கு அதுவே போதும்.

சரி, காகிதத் துணுக்குக்கு மின்னூட்டமே இல்லையே, சீப்பு அதை ஏன் இழுக்கிறது? ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும், எதிரெதிர் வகைகள் இழுக்கும். அதனால் சீப்பைக் கிட்டே கொண்டுபோனதும், காகிதத்தின் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்கள் மிக மிகச் சிறிதளவு எட்ட விலகுகின்றன. சீப்பை நோக்கிய பக்கம் நேர் மின்னூட்டமும், மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் தலைகாட்டுகின்றன. ஒன்றைச் சீப்பு இழுக்கிறது, மற்றதைத் தள்ளுகிறது. ஆனால் தூரம் குறையக் குறைய விசை வேகமாகக் கூடும். தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்று 1785இல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கூலும் என்பவர் அளந்து காட்டினார். நேர் மின்னூட்டம் உள்ள பக்கம் சீப்புக்கு அருகில் இருப்பதால் இழுப்பு ஜெயிக்கிறது, துணுக்கு தாவி ஒட்டிக்கொள்கிறது.

1730இல் கிரே இன்னும் துணிந்தார். மின் கடத்தாத கயிறுகளில் ஒரு சிறுவனைப் படுத்த நிலையில் தொங்கவிட்டு, தேய்த்த குழாயை அவன் காலருகே பிடித்தார். மெல்லிய பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் அவன் முகத்தை நோக்கித் துள்ளி எழுந்தன. மனித உடலும் மின்னூட்டத்தைக் கடத்தும் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சங்கம் தன் காப்லி பதக்கத்தைத் தந்தபோது, அதைப் பெற்ற முதல் ஆள் இந்தச் சாயத் தொழிலாளிதான்.

மின்னூட்டம் இரண்டு வகை என்பதை 1733இல் கண்டவர் பிரான்ஸைச் சேர்ந்த டு ஃபே. அதை நீங்களே பார்க்கலாம். ஒரு சாண் நீளத்தில் இரண்டு செல்லோ டேப் துண்டுகளை எடுங்கள். பிடிக்க வசதியாக ஒரு முனையைக் கொஞ்சம் மடித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் அடுத்தடுத்து ஒட்டி, வெடுக்கென்று உரித்து, இரண்டையும் தொங்கவிட்டு நெருக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம், விலகி ஓடும். பிறகு புதிதாக இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றின் முதுகில் மற்றதை ஒட்டுங்கள். அதன்மேல் விரலால் நீவிவிட்டு, இரண்டையும் வெடுக்கென்று பிரியுங்கள். ஒன்று இழந்ததை மற்றது பெற்றிருக்கும், இப்போது ஒன்றையொன்று இழுக்கும்.

மழைநாளில் இது சரியாக வராது. ஈரக் காற்றில் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் கசிந்துவிடும். வெயில் காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். சீப்பு, டேப், காகிதம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எதையும் நுழைத்துப் பார்க்கக் கூடாது. அந்த மின்சாரம் உயிரைக் குடிக்கும்.