தேன் நிறச் சேனை தோற்ற கதை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தமக்கை மகன், சென்ற கோடை விடுமுறையில் ஒரு சதுரங்கத் தொகுதியைத் தானே உண்டாக்கிவிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டு, மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்றையும், தண்ணீர்போல் தெளிந்த ரெசின் புட்டிகள் இரண்டையும், ஆல்கஹால் மைச் சீசாக்கள் சிலவற்றையும் வாங்கி வந்தான். ஒரு பக்கத்துச் சேனை நீலம், எதிர்ப்பக்கத்துச் சேனை தேன் நிறம் என்பது அவன் ஏற்பாடு. 100 மில்லிலிட்டர் ரெசினுக்குப் பத்துச் சொட்டு மை என்று இரண்டுக்கும் ஒரே அளவாகக் கலந்து, ஒரே இயந்திரத்தில், ஒரே கணக்கில் அச்சிட்டான். நீலச் சேனை ராஜா முதல் சிப்பாய் வரை அங்கஹீனம் ஏதுமின்றி வந்து சேர்ந்தது. தேன் நிறச் சேனையிலோ பதினாறு பாதங்கள் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, உடல்களாக வளர்ந்திருக்க வேண்டியதெல்லாம் தொட்டியின் அடியில் வழுவழுப்பான ஏடுகளாகப் படிந்து கிடந்தது. "மாமா, ரெண்டுக்கும் பத்துச் சொட்டுத்தானே விட்டேன்?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்குள்ளேதான், தெளிந்த ரெசினுக்கு வர்ணம் ஏற்றும் வித்தையின் முக்கால் பங்கும் அடங்கியிருக்கிறது.

இங்கே ரெசின் என்பது மரத்தில் வடியும் பிசின் அன்று. அக்ரிலேட் என்னும் ரசாயன வகுப்பைச் சேர்ந்த திரவம். அதனுடன் ஒளி பட்டவுடன் சிதைந்து வினையைத் தொடங்கிவைக்கும் ஒரு பதார்த்தம் சிறிதளவு சேர்ந்திருக்கிறது. ஊதாக் கிரணம் படும் இடத்தில் அந்தப் பதார்த்தம் உடைய, உடைந்த துண்டுகள் பக்கத்து அணுத்தொகுதிகளைத் தூண்ட, ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் சங்கிலிகளாக அவை மாறி, கண்ணெதிரே திரவம் திடமாகிவிடுகிறது. ஜப்பானில் நகோயா நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஹிடியோ கொடாமா இந்த முறையை 1981-இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்கரான சக் ஹல் 1983-இல் இவ்விதம் ஒரு சிறு கிண்ணத்தை உருவாக்கி, 1984-இல் விண்ணப்பித்து, 1986-இல் காப்புரிமை பெற்றார். இன்று வீடுகளில் ஓடும் சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய படலத்தின் வழியே மேல்நோக்கிப் பாய்ச்சுகின்றன. மேலே ஒரு தட்டு தலைகீழாகத் தொங்கி, அடுக்குக்கு அடுக்குச் சற்றே உயர்ந்துகொண்டு போகிறது. ஓர் அடுக்கின் கனம் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர், ஆகவே 60 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு சதுரங்க ராஜா 1200 அடுக்குகளால் ஆனவர்.

இனி வர்ணத்துக்கு வருவோம். ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தையும் ஊதாவையும் அது விழுங்கிவிட்டு மிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது என்றுதான் அர்த்தம். நீலமாகத் தெரிவது, செந்நிறப் பகுதியை விழுங்கிவிட்டு, ஊதாவை அண்டிய பகுதியைப் பெரும்பாலும் போகவிடுகிறது. ரெசினை இறுக்க வேண்டிய கிரணமோ ஊதா. ஆகவே நீல மை அந்தக் கிரணத்திடம் அற்பமான சுங்கம் வசூலித்துக்கொண்டு வழிவிட, மஞ்சளும் செம்மையும் கலந்த தேன் நிற மை வாசலிலேயே நின்று மூட்டையோடு பறித்துக்கொள்கிறது. நம் கண் இரண்டு கிண்ணங்களையும் பார்த்து இரண்டும் ஒரே அளவு அழுத்தமான நிறம் என்று சொல்லும். ஊதாக் கிரணத்தின் கண்ணுக்கோ ஒன்று திறந்த ஜன்னல், மற்றொன்று மூடிய கதவு. இந்தப் பேதத்தை அறியாமல் சொட்டுக்களை எண்ணுவதில் பயனில்லை.

பாதங்கள் மட்டும் பிழைத்ததற்கும் காரணம் உண்டு. தட்டோடு நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக முதல் சில அடுக்குகளுக்கு மாத்திரம் 30 விநாடி ஒளி காட்டப்படுகிறது; பின்னால் வரும் ஆயிரத்துச் சொச்சம் அடுக்குகளுக்கு இரண்டரை விநாடிதான். அந்த இரண்டரை விநாடியில் தேன் நிற ரெசினுக்குள் கிரணம் 0.05 மில்லிமீட்டர் ஆழம்கூட இறுக்க முடியாமற்போகவே, புதிய அடுக்கு மேலுள்ள பழைய அடுக்கைத் தொடாமல் கீழே படலத்தின்மேலேயே தங்கிவிட்டது. அப்படியானால் நேரத்தை இரட்டித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒளி ஒரு திரவத்துக்குள் இறங்க இறங்க மடங்கு மடங்காகத் தேய்வதால், நேரத்தை இரட்டித்தாலும் இறுகும் ஆழம் இரட்டிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவே கூடுகிறது. ஒளியின் பலம் 37 சதவீதமாகத் தேயும் ஆழத்தை ஊடுருவும் ஆழம் என்பார்கள். அது 0.2 மில்லிமீட்டராக உள்ள ரெசினில் நேரத்தை இரட்டித்தால் 0.14 மில்லிமீட்டர் லாபம். சாயத்தின் கைங்கரியத்தால் அது 0.05 ஆகச் சுருங்கிவிட்டால், லாபம் 0.035 மாத்திரமே. எனவே நேரத்தை நீட்டிக்கொண்டே போவதைவிடச் சொட்டைக் குறைப்பதே உத்தமம்.

இதை ஊகத்தால் தீர்மானிக்கத் தேவையில்லை. தொட்டியில் கொஞ்சம் ரெசினை ஊற்றி, தட்டை இறக்காமலே, அடியிலிருந்து ஒரு சிறு சதுரத்துக்குப் பத்து விநாடி ஒளி காட்டி, படலத்தின்மேல் படிந்த ஏட்டை மெல்ல உரித்து, கழுவித் துடைத்து, மைக்ரோமீட்டரின் வாயில் கொடுத்தால் விஷயம் விளங்கிவிடும். நாங்கள் அப்படிச் செய்து பார்த்தபோது, நீல ஏடு 0.4 மில்லிமீட்டர் கனத்தோடு விறைப்பாக நின்றது. தேன் நிற ஏடோ 0.08 மில்லிமீட்டர். ஒரு கடிதத் தாளின் கனத்துக்கும் சற்றுக் குறைவாக, பாலாடைபோல் விரலில் சுருண்டுகொண்டது.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, மஞ்சள் என்றாலே ரெசினுக்குச் சத்துரு என்று எண்ணிவிடக் கூடாது. நிறமே இல்லாத ரெசினில் வேறொரு தொல்லை: கிரணம் வேண்டிய அடுக்கோடு நில்லாமல், முன்பே முடிந்த அடுக்குகளையும் கடந்து போய், துவாரங்களிலும் குழாய்களிலும் தேங்கியிருக்கும் ரெசினையும் இறுக்கி அடைத்துவிடுகிறது. அங்கே ஒளியை மறிக்க ஒரு திரை வேண்டும். 2019-இல் ரைஸ் பல்கலைக்கழகத்து ஜோர்டன் மில்லரும் அவருடைய சகாக்களும், நுரையீரலின் காற்றறையைப்போல் சுருங்கி விரியும் நுண்ணிய குழாய்ப் பின்னல் ஒன்றை நீர் நிறைந்த மெல்லிய களியில் அச்சிட்டபோது, அந்தத் திரையாகப் பயன்பட்டது டார்ட்ராசின் என்ற உணவு வர்ணம். நம் கடைகளில் எலுமிச்சை மஞ்சள் என்று விற்கிற பொடிகளில் இருப்பதும் அதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறை அலமாரியிலிருந்து வர்ணப் பொடியை எடுத்து ரெசினில் கொட்டிவிட வேண்டாம். அது நீரில் கரையும் சாயம். சாதாரண ரெசினோ தண்ணீரைச் சேர்க்காது. எழுதுகோல் மையும் அப்படியே. எவ்வளவு கலக்கினாலும் முத்து முத்தாகத் திரிந்து நிற்கும்.

கலக்கத் தகுந்தவை இரண்டு ஜாதி. ஒன்று கரைந்துவிடும் சாயம். மற்றொன்று கரையாமல் தூளாகவே மிதக்கும் நிறமி. ஆல்கஹால் மைகளில் பெரும்பாலானவை முதல் ஜாதி. ஒரு சொட்டை ரெசினில் விட்டுப் பார்த்தால், ஊதுவத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோல் நூல் நூலாக அது கீழே போவதும், குச்சியால் இரண்டு நிமிஷம் நிதானமாகக் கலக்கியபின் சுவடு தெரியாமல் எங்கும் வியாபித்துவிடுவதும் மிக அழகான காட்சி. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் அகப்பட்டுக்கொள்ளும். கரைந்த சாயம் ஒளியைச் சிதறடிக்காததால் ரத்தினக் கல்லின் தெளிவு இதில்தான் வாய்க்கிறது. ஆனால் மையிலுள்ள ஆல்கஹால் ரெசினின் சங்கிலியில் சேராத அன்னியப் பொருள். அளவுக்கு மிஞ்சினால் உருவம் மெத்தென்று போய், நாளாக ஆக அது ஆவியாகி வெளியேறும்போது வளைந்தும் விரிசல் விட்டும் போகிறது.

நிறமியோ வெயிலுக்கு எளிதில் வெளுக்காது என்ற நல்ல குணம் உடையது. கெட்ட குணம் அதன் கனம். ரெசினின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம், ஏறக்குறைய 1.1; மினுமினுக்கும் அப்பிரகத் தூளுக்கு அது 2.8, வெள்ளை நிறமியான டைட்டேனியம் டை ஆக்சைடுக்கு 4.2. மூன்று நான்கு மணி நேரம் அச்சு ஓடும்போது, அரைபடாத தூளெல்லாம் தொட்டியின் அடியில், அதாவது ஒளி நுழைய வேண்டிய அந்த ஜன்னலின் மேலேயே, வண்டலாகப் படிந்து அதை மறைத்துவிடுகிறது. வெள்ளை நிறமி ஒளியைப் பக்கவாட்டிலும் சிதறடிப்பதால் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. கரித்தூள் எல்லாக் கிரணத்தையும் பட்சபாதமின்றி விழுங்கும்; அதில் ஊசிமுனை அளவே போதும். அப்பிரகத் தூளை அச்சுத் தொட்டியில் போடுவதைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். அது வார்ப்பு வேலைக்கு உரியது, அங்கே அதன் மினுமினுப்புக்கு ஈடில்லை.

சொட்டைக் குறைத்து நான்காக்கி, நேரத்தை நான்கு விநாடியாக்கி, தேன் நிறச் சேனை இரண்டாம் முறை வந்து சேர்ந்தபோது பையனுக்கு வேறொரு குறை தோன்றியது: ராஜாவின் பருத்த அடிப்பாகம் நல்ல கொம்புத்தேன்போல் இருக்க, கிரீடத்தின் மெல்லிய நுனிகள் வெளிறிக் கிடந்தன. உள்ளே கரைந்த நிறம் கனத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அதை மாற்ற வழியில்லை. ஐரோப்பிய மாதாகோவில்களின் வர்ணக் கண்ணாடிகளைச் செய்த மத்தியகாலத்துக் கம்மியர்களும் இதே சங்கடத்தை எதிர்கொண்டவர்கள். அவர்களுடைய சிவப்புக் கண்ணாடி முழுக் கனத்துக்கும் சிவப்பாக இருந்தால் கறுப்பாகவே தோன்றும் அளவுக்கு அழுத்தமானது. ஆகவே நிறமற்ற கண்ணாடியின்மேல் சிவப்பை ஒரு மெல்லிய தோலாக மட்டும் போர்த்தினார்கள். நாமும் அதையே செய்யலாம்: நிறமில்லாமல் அச்சிட்டு, மேற்பரப்பில் வர்ணம் பூசுவது.

அதற்குமுன் பரப்பைச் செப்பனிட வேண்டும். அச்சிலிருந்து இறங்கியதும் உருவம் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கலாக இருப்பதற்கு ரெசின் காரணமல்ல. அடுக்குகளின் நுண்ணிய படிக்கட்டுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். அதைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால் ஒரு கணம் பளிங்காகி, உலர்ந்ததும் மறுபடி மங்கிவிடும். 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே தெளிந்த வார்னிஷ் அடித்தால், வார்னிஷ் தேய்ப்பில் விழுந்த நுண்ணிய கீறல்களை நிரப்பி, நனைந்த நிலையை நிரந்தரமாக்கிவிடுகிறது. தேய்க்காத பரப்பில் மையைத் தடவினால் அது படிக்கட்டுகளின் வழியே ஓடி வரி வரியாகத் தங்கும். மாதிரி விமானம், கப்பல் செய்கிறவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் டாமியா கம்பெனியின் தெளிவு வர்ணங்கள், எக்ஸ்-23 நீலம், எக்ஸ்-27 சிவப்பு முதலியன, இந்தக் காரியத்துக்கு நன்றாக ஒத்துழைக்கின்றன. உள்ளே கூடாக உள்ள உருவமானால் உட்புறத்தில் வர்ணத்தை ஊற்றிச் சுழற்றி வடித்துவிடுவதே என் அபிப்பிராயத்தில் சிறந்தது. நிறம் உள்ளே, பளபளப்பு வெளியே.

நிறமே வேண்டாம் என்பவருக்கும் நிறத்தின் உதவி தேவைப்படுகிறது. வினையைத் தொடங்கும் பதார்த்தத்தின் மிச்சத்தாலும், அளவுக்கு மீறி ஒளி காட்டுவதாலும் தெளிந்த ரெசின் நாளடைவில் பழுப்பேறுகிறது. வேட்டியின் பழுப்பை மறைக்கச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே தத்துவப்படி, ஒரு குச்சி முனையில் தொட்ட ஊதா அல்லது நீலச் சாயத்தைக் கலந்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமற்போகிறது. சலவை நீலத்தையே ஊற்றக் கூடாது. அதில் இருப்பது தண்ணீர்.

இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு நாளடைவில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் நைட்ரைல் கையுறை இல்லாமல் இதைத் தொடலாகாது. வினையைத் தொடங்கும் பதார்த்தங்களில் ஒன்றான டிபிஓ என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. உருவத்தைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் கொட்டாமல், மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் கசடு இறுகி அடியில் தங்கும். தேன் நிறச் சேனையைக் கழுவிய பாத்திரத்தில் அது நன்னாரி சர்பத்தின் நிறத்தில் இருந்ததால், யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி என் தமக்கை அதன்மேல் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைத்தாள்.

சதுரங்கத் தொகுதி இப்பொழுது கூடத்து அலமாரியில் இருக்கிறது. முதலில் அதை ஜன்னலோரம்தான் வைத்திருந்தான். ஒரு மாதத்தில் வெயில் பட்ட பக்கத்துக் குதிரைகள் மட்டும் தேன் நிறத்திலிருந்து எலுமிச்சை நிறத்துக்கு வெளுக்கத் தொடங்கவே இடம் மாற்றினான். தோற்றுப்போன முதல் சேனையின் பதினாறு பாதங்களை அவன் எறிந்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். கழுவி, வெயிலில் இரண்டு நாள் காய்ந்து, கல்லாக இறுகி, பத்துச் சொட்டின் முழு அழுத்தத்தோடும் மின்னும் அந்த வட்டங்களில் எட்டை, வீட்டுக் குழந்தைகள் தாயக்கட்டத்துக்குக் காய்களாக எடுத்துக்கொண்டு போய்விட்டன.