அப்பா ராஜகேசரி, பிள்ளை பரகேசரி

கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவர் யார் என்றால் ராஜேந்திர சோழன் என்போம். அது அரியணைப் பெயர். இளமைப் பெயர் மதுராந்தகன், அதாவது மதுரைக்கு எமன். ஆடித் திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்குப் பாண்டியனை மிரட்டும் பெயர்!

படை கங்கை வரை போய் வந்ததும் கங்கைகொண்டான் ஆனார்; 1025இல் கடாரங்கொண்டானும் ஆனார். வெற்றி பெயராவது உலக வழக்கம்தான். 1453இல் இஸ்தான்புல்லைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்கு 'ஃபாத்திஹ்', வென்றவன், என்று பட்டம். இன்று துருக்கியில் ஆண்பிள்ளைகளுக்கு அது சாதாரணப் பெயர். நம்மூரில் கங்கைகொண்டான் ஆளுக்கு அல்ல, ஊருக்கு நிலைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலும் ஒன்று உண்டு.

ஆனால் சோழர் பெயரில் உண்மையான சூட்சுமம் வேறு. ராஜகேசரி (அரசருள் சிங்கம்), பரகேசரி (பகைவர்க்குச் சிங்கம்) என்ற இரண்டே பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி, பேரன் ராஜாதிராஜன் மீண்டும் ராஜகேசரி. நம் இனிஷியல் அப்பாவைச் சொல்லும்; இந்த இனிஷியலோ, முன்பு அரியணையில் இருந்தவரின் பட்டத்தைச் சொல்லிவிடும்.

இது தலைமுறைக் கணக்கும் அல்ல. ராஜாதிராஜன் கொப்பத்துப் போரில் யானைமேலேயே மாண்டார். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி ஆனார். அடுத்த தம்பி வீரராஜேந்திரன் ராஜகேசரி. ஒரே தந்தையின் பிள்ளைகளிடமும் முறை தப்பவில்லை.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது பெரிய வரம். பல கற்களில் அரசன் பெயரே இருக்காது. 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு' என்று ஆட்சியாண்டு மட்டும் இருக்கும். பன்மர் என்றால் வர்மர். பட்டத்தைப் பார்த்ததுமே பாதி மன்னர்கள் கழிந்துவிடுவார்கள். எழுத்து 10ஆம் நூற்றாண்டுச் சாயல், ஆண்டு 35 என்றால் ஆள் முதலாம் பராந்தகன்தான். அந்த நூற்றாண்டின் மற்றப் பரகேசரிகள் யாரும் 20 ஆண்டைத் தொடவில்லை. 'மதிரை கொண்ட' என்று முன்னால் இருந்தால் கணக்கே வேண்டாம். மதுரையைப் பிடித்த பராந்தகனின் அடைமொழி அது.

1070இல் அரியணை முதலாம் ராஜேந்திரனின் மகள்வழிப் பேரனிடம் போனது. கீழைச் சாளுக்கிய இளவரசரான அவரே முதலாம் குலோத்துங்கன். முன்னிருந்த அதிராஜேந்திரன் பரகேசரி என்பதால், தந்தைவழியில் சோழரல்லாத அவரும் ராஜகேசரி என்றே சூடிக்கொண்டார்.