ரீட்டா ஹேவொர்த்: புகழுக்குப் பின்னால்

1946-இல் வெளிவந்த ‘கில்டா’ படத்தின் வழியே ஹாலிவுட்டின் பேரழகியாக உலகெங்கும் கொண்டாடப்பட்ட ரீட்டா ஹேவொர்த், 1918-இல் நியூயார்க்கில், ஸ்பெயினிலிருந்து குடியேறிய நடனக் கலைஞர் ஒருவரின் மகளாக, மார்கரிட்டா கான்சினோ என்ற பெயரில் பிறந்தவர். கொலம்பியா பட நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தபோது அவருடைய பெயர் மாற்றப்பட்டது. கருங்கூந்தலுக்குச் செந்நிறச் சாயம் ஏற்றப்பட்டது. நெற்றியை அகலமாகக் காட்டும்பொருட்டு, மயிர்க்கால்களில் மின்சாரம் செலுத்தி முடியை நிரந்தரமாக நீக்கும் ‘எலெக்ட்ராலிசிஸ்’ என்ற வலிமிகுந்த சிகிச்சைக்கும் அவர் உட்படுத்தப்பட்டார்.

பிற்காலத்தில் வசனங்களை நினைவில் நிறுத்த இயலாமல் அவர் தடுமாறியபோது, குடிப்பழக்கமே அதற்குக் காரணம் எனப் பலரும் எளிதாகத் தீர்ப்பளித்தனர். அது ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி. ஏனெனில் அவரைப் பீடித்திருந்தது, மூளையின் உயிரணுக்களைப் படிப்படியாக அழித்து, நினைவையும் சிந்திக்கும் ஆற்றலையும் பறிக்கும் அல்சைமர் நோய் என்பது, அவர் அறுபது வயதைக் கடந்த பின்னரே உறுதிசெய்யப்பட்டது. 1987-இல் அவர் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் அவரைப் பேணிய மகள் யாஸ்மின் ஆகாகான், அந்நோய் குறித்த ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டார்.