சிக்கிய ஞானப்பல்: எந்த டாக்டரிடம் போவது?
சாதாரணமாகப் பல் பிடுங்க பி.டி.எஸ். டாக்டரே போதும். ஞானப்பல் படுக்கைவாட்டில் தாடை எலும்புக்குள் சிக்கியிருந்தால், 'ஓரல் அண்ட் மேக்சிலோஃபேஷியல் சர்ஜரி' பிரிவில் 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவரைத் தேடுங்க. போர்டில் வெறும் எம்.டி.எஸ். என்றிருந்தால், எந்தப் பிரிவு என்று கேட்கலாம், தப்பே இல்லை. பல்லுக்கு கிளிப் போடுபவரும் எம்.டி.எஸ்.தான்!

ஏன் இவ்வளவு கவனம்? கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு சிலருக்குப் பல்லின் வேரை ஒட்டியே இருக்கும். அது அடிபட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம், அரிதாக, நிரந்தரமாகவே. அதனால் முதலில் ஓபிஜி எக்ஸ்ரே. நரம்பு நெருக்கமாகத் தெரிந்தால் சிபிசிடி ஸ்கேன். "எக்ஸ்ரே எதுக்கு, இப்பவே எடுத்துடலாம்" என்றால் எழுந்து வந்துடுங்க.

செலவு கட்டுப்படியாகவில்லையா? அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. காத்திருக்க வேண்டிவரும், லீவு சொல்லிட்டுப் போங்க.