பைல், பிரிண்டர் ஷேரிங் வேலை செய்யவில்லையா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறு நிறுவனங்கள் பல உள்ளன. அலுவலகத்தில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு பிரிண்டர் இருக்கும். வண்டி புறப்படும் நேரத்தில் டெலிவரி சலான் பிரிண்ட் ஆகாவிட்டால் சரக்கு வாசலிலேயே நிற்கும். அந்த அவசரத்தில் சிலர் பயர்வாலை நிறுத்துவார்கள், அல்லது எஸ்.எம்.பி. 1 என்ற பழைய வசதியை இயக்குவார்கள். இரண்டுமே ஆபத்து.

எஸ்.எம்.பி. என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பைல்களையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் முறை. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை 2017 மார்ச்சில் மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அதை நிறுவாத கம்ப்யூட்டர்களில், அதே ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை புகுந்தது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் தாவியது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலையும் அதில் பாதிக்கப்பட்டது.

எனவே ஷேரிங் வேலை செய்யாதபோது கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதியுங்கள். இவை விண்டோஸ் 11-க்கானவை.

1. பிரிண்டர் இணைத்துள்ள கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருக்கிறதா? அது ஸ்லீப் நிலைக்குப் போயிருந்தால் மற்றவர்களுக்குப் பிரிண்டர் கிடைக்காது.

2. எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ரௌட்டரில் உள்ளனவா? ஒன்று மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ கெஸ்ட் வைபையிலோ இருந்தால் மற்றவற்றுடன் பேசாது.

3. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் சென்று, உங்கள் இணைப்பின் பிராப்பர்டீஸைத் திறந்து, பிரைவேட் நெட்வொர்க் என்பதைத் தேர்வு செய்யுங்கள். பப்ளிக் என்று இருந்தால் பயர்வால் ஷேரிங்கைத் தடுக்கும். பலருக்குப் பிரச்சினை இங்கேதான். பயர்வாலை நிறுத்தத் தேவையே இல்லை.

4. அதே பகுதியில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் செல்லுங்கள். பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

5. யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டால், பைலோ பிரிண்டரோ உள்ள கம்ப்யூட்டரின் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் தர வேண்டும். தினமும் அடிக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட்டையும் விண்டோஸ் பொதுவாக ஏற்காது. அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள்.

6. பிரிண்டர் தெரிகிறது, ஆனால் பேப்பர் வரவில்லையா? பிரிண்ட் கியூவில் சிக்கி நிற்கும் வேலையை நீக்குங்கள். போகாவிட்டால் பிரிண்டர் இணைத்துள்ள கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கடைசியாக, கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் சென்று, டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஆன் ஆர் ஆப் என்பதைத் திறந்து பாருங்கள். எஸ்.எம்.பி. 1.0 என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டருக்காக அதை வைத்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுவதே நல்லது. முக்கியமான பைல்களின் காப்பி ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கட்டும். சலான் பத்து நிமிடம் தாமதமானால் சமாளிக்கலாம். கணக்கு மொத்தமும் பூட்டப்பட்டால் சமாளிக்க முடியாது.